நான்காம் கட்டில், இரண்டாம் வார்மர்

மார்ச் 3, செவ்வாய்

கர்ப்பம் 29 வாரம் 3 நாள். பிரஷர் 170/112. பட்டை கைக்குச் சின்னது. சின்னப் பட்டை கூட்டித்தான் காட்டும். பெரியதை மாற்றி, கால் மணி நேரம் விட்டு எடுத்தால் 168/110. ஆக, பட்டையைக் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. சார்ட்டில் நடுவே 138 என்று ஒன்று தனியாக நிற்கிறது. ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது மேல் கையில் எடுத்திருப்பார்கள். கை இதயத்துக்கு மேலே போனால் குறைத்துக் காட்டும். அந்த 138-ஐ நம்பி யாராவது நிம்மதியாக இருந்திருந்தால்?

மாலை 4 மணிக்கு, குழந்தையின் நுரையீரல் முதிர, டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம். 12 மணிக்கொன்றாக நான்கு ஊசி. கடைசி ஊசி வியாழன் விடிகாலை 4 மணிக்கு.

வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம்: 50 சதவீத மருந்து 8 மில்லி, சலைன் 12 மில்லி, 4 கிராம், நரம்பில், மெதுவாக. அப்புறம் இரண்டு பக்கமும் 5 கிராம் வீதம் ஆழமாகத் தசையில். உடம்பெல்லாம் தகதகவென்று எரியும் என்று முன்னாடியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போட்டால் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். மெக்னீசியம் கூடிப்போனால் முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி ஆம்பூலும் சிரிஞ்சும் தலைமாட்டில். ‘டிராயரில் இருக்கு’ என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 4, புதன்

விடிகாலை 4 மணி மெக்னீசியம் ஊசியைப் போடவில்லை. மூச்சு 18. முட்டியில் தட்டினால் கால் துள்ளுகிறது. ஆனால் நான்கு மணி நேரத்துச் சிறுநீர் 85 மில்லி. 100 இருக்க வேண்டும். குழாய் தொடைக்கடியில் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தாயிற்று, இல்லை. மெக்னீசியம் வெளியேற சிறுநீரகத்தை விட்டால் வேறு வழி கிடையாது. இரண்டு நன்றாக இருக்கிறதே என்று மூன்றாவதைக் கண்டும் காணாமல் விடுகிற இடத்தில்தான் மருந்து ரத்தத்தில் சேர்கிறது. முதலில் முட்டித் துள்ளல் போகும், அப்புறம் மூச்சு. டாக்டரிடம் சொல்லி, ஒரு மணி நேரத்தில் இன்னும் 40 வந்த பிறகே போட்டது.

“சிஸ்டர், பாப்பா அசையுதுல்ல?” காலையிலிருந்து நான்காவது தடவை.

மார்ச் 5, வியாழன்

4.00. டெக்ஸாமெத்தசோன் நான்காவது ஊசி முடிந்தது.

மார்ச் 5, இரவு

மத்தியானம் தலைவலி, கண்முன் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்றார். தட்டணுக்கள் 1,20,000-லிருந்து 90,000. இனி காத்திருக்க முடியாது. 9.40-க்குப் பெண் குழந்தை, 1,050 கிராம். துடைக்காமல் ஈரத்தோடேயே கழுத்துவரை பிளாஸ்டிக் பைக்குள், தலைக்குத் தொப்பி. துடைத்துவிட்டுப் பையில் போடுவது பாதி வேலை. ஈரமும் வார்மர் சூடும் சேர்ந்தால்தான் பைக்குள் வெதுவெதுப்பு நிற்கும். துவண்டாற்போல் இருந்தாள். அம்மாவுக்குப் போன மெக்னீசியம் இவளுக்கும் போயிருக்குமே. மூளைக்கு அது ஒரு காப்புதான். முதல் மூச்சுக்குக் கொஞ்சம் தடை.

அம்மாவுக்கு இன்னும் 24 மணி நேரம் மெக்னீசியம் உண்டு. முதுகில் ஊசி போட்டிருப்பதால் முட்டியைத் தட்டிப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை, முழங்கையில் பார்க்க வேண்டும். “ரிஃப்ளெக்ஸ் இல்லை” என்று ஜூனியர் பதறி ஓடி வந்தாள். பதறியது நல்லதுதான்.

மார்ச் 6, வெள்ளி

குழந்தையின் உடம்புச் சூடு 36.4. ஒரு மணி நேரத்தில் 36.7.

திரவம் கிலோவுக்கு 80 மில்லி என்றால் நாளுக்கு 84, மணிக்கு 3.5. பம்பில் புள்ளி தவறினால் 35. ஒருவர் கணக்குப் போட்டு அடுத்தவர் தலையாட்டுவது சரிபார்ப்பே இல்லை. இரண்டு பேரும் தனித்தனியாகப் போட்டு, விடையைக் கடைசியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூச்சைத் தூண்டும் கஃபீனிலும் இதே கதை. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால் சிட்ரேட் கணக்கில், 21 மில்லிகிராம். வெறும் கஃபீன் கணக்கில் எழுதினால் பாதிதான் வரும். எந்தக் கணக்கு என்று சீட்டில் எழுதாவிட்டால் ஒருவர் பாதி கொடுப்பார், இன்னொருவர் இரட்டிப்பாகக் கொடுப்பார்.

ஆக்ஸிஜன் 30 சதவீதம். மானிட்டரில் ரத்த ஆக்ஸிஜன் அளவுக்கான மேல் அலாரம் 100-இல் இருந்தது. 95-க்கு இறக்கியாயிற்று.

மார்ச் 7, சனி

மூக்கு வழியே அழுத்தத்தோடு காற்று தரும் சிபாப்பில் குமிழி நின்றுவிட்டது. பதற வேண்டாம், வாய் திறந்திருந்தது, அழுத்தமெல்லாம் அந்த வழியே போய்விட்டது. தாடையை லேசாகத் தாங்கியதும் திரும்பக் குமிழி. இன்னொன்று: குமிழி வருகிறது என்பதற்காக எல்லாம் சரி என்றும் ஆகாது. குழாயில் தேங்கும் தண்ணீர் அழுத்தத்தைக் கூட்டும். மூக்கில் செருகும் ப்ராங்குக்கும் மூக்கின் நடுத்தண்டுக்கும் நடுவே 2 மில்லிமீட்டராவது வெளிச்சம் தெரிய வேண்டும். இன்று தெரியவில்லை. தண்டு சிவந்து, அழுத்தினால் வெளுத்து, நிறம் திரும்ப நேரமெடுக்கிறது. தொப்பி தளர்ந்து மேலேறியிருக்கிறது, ப்ராங் அதோடு இழுபடுகிறது. மூக்கில் எதை ஒட்டினாலும் தீராது. தொப்பியை மாற்ற வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

960 கிராம். முதல் நாட்களில் இறங்குவதுதான். அம்மாவிடம் இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

மேல் அலாரம் மறுபடி 100.

மார்ச் 9, திங்கள்

புரிந்துவிட்டது. ராத்திரி ஆக்ஸிஜன் 21 சதவீதத்துக்கு இறங்குகிறது. வெறும் காற்றில் இருக்கும் குழந்தைக்கு மேல் அலாரம் தேவையில்லை என்று 100 வைக்கிறார்கள், அது சரி. விடிகாலையில் ஆக்ஸிஜனை 28-க்கு ஏற்றுகிறார்கள், அலாரத்தை இறக்குவதில்லை. அப்புறம் 99, 100 என்று மணிக்கணக்கில் ஓடுகிறது, ஒரு சத்தமும் இல்லை. குறைந்தால் ஓடிவருகிறோம், கூடினால் சார்ட்டில் ‘நன்று’ என்று எழுதுகிறோம். கண்ணின் பின்திரையில் வளர்ந்துகொண்டிருக்கும் ரத்தக்குழாய் அந்த ‘நன்று’க்குத்தான் விலை கொடுக்கிறது. ஆக்ஸிஜன் குமிழைத் தொட்ட கை அலாரத்தையும் தொட வேண்டும் என்று எழுதி மானிட்டரில் ஒட்டியாயிற்று.

மார்ச் 10, செவ்வாய்

மஞ்சள். நீல விளக்கு. கண்ணுக்குக் கட்டு, கட்டு நழுவி மூக்கை மூடாமல். விளக்கில் கிடந்த தோலைப் பார்த்து மஞ்சள் இறங்கிவிட்டது என்று யாரும் சொல்லக் கூடாது. வெளிச்சம் பட்ட இடம் மட்டும் வெளுக்கும். ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். 1956-இல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் வார்டு என்ற பெயருடைய சிஸ்டர் கண்டதும் இதைத்தான்: வெயிலில் வைத்த குழந்தையின் உடம்பு வெளுத்து, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. டாக்டர்கள் பிறகு எழுதினார்கள்.

மார்ச் 11, புதன்

வயிற்றுக் குழாய் வழியே தாய்ப்பால் 2 மில்லி, இரண்டு மணிக்கொரு தடவை. சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டுத் தானாக இறங்க விடுவது. தள்ளவே கூடாது. அம்மா ராத்திரி 2 மணிக்கும் பால் பீய்ச்சி அனுப்பினார். பாட்டில் சீட்டில் பெயர் எழுத மறந்திருந்தார். பெயரில்லாத பாலை ஊகத்தில் கொடுக்க முடியாது. 6 மில்லி வீண். அதைச் சொன்னபோது அவர் முகம்...

மேல் அலாரம் 95. யாரோ இறக்கியிருக்கிறார்கள்.

மார்ச் 12, வியாழன்

நெஞ்சோடு நெஞ்சாக 70 நிமிஷம், சிபாப் குழாயோடேயே. ஆக்ஸிஜன் 25-லிருந்து 21.

மார்ச் 13, வெள்ளி

ராத்திரியில் ஆறு தடவை மூச்சு நின்றது. நேற்று ஒன்று. ஒவ்வொரு தடவையும் உள்ளங்காலைத் தடவியதும் திரும்பியது, அதனால் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை; ஆறும் மூன்று பக்கங்களில் சிதறிக் கிடக்கிறது. கழுத்து மடங்கவில்லை. மூக்கில் சளி இல்லை. சர்க்கரை 72. சூடு 36.6, ஆனால் அதே 36.6-ஐ நிறுத்த வார்மர் நேற்றைவிடக் கூடுதலாக எரிகிறது. கால் மட்டும் சில்லென்று.

வயிறு, நேற்று மையால் கோடு போட்ட அதே இடத்தில், 1.5 சென்டிமீட்டர் கூட. வயிற்றுக் குழாயில் பச்சை.

பால் நிறுத்தம். குழாய் திறந்து தொங்குகிறது. ரத்தம் எடுத்தாயிற்று, ஆன்டிபயாடிக் முதல் டோஸ் 4.50-க்கு. எக்ஸ்ரே 6 மணிக்கு.

அம்மா 5 மணிப் பாலோடு வாசலில் நிற்கிறார். பெயர் எழுதியிருக்கிறது.