காப்பித்தூளும் ஐந்து தையலும்
தேங்காய் உடைக்கும்போது அரிவாளைத் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்பது தெரியாதவள் அல்ல நான். அவசரம். வெட்டுவாய்ப் பக்கம் வழுக்கி இடது உள்ளங்கையில், ஆள்காட்டி விரலுக்குக் கீழே இறங்கிவிட்டது. அத்தை ஓடிவந்து ஒரு கை காப்பித்தூளை அள்ளி அப்பினார். மேலே துணியைச் சுற்றி அழுத்தியதில் ரத்தம் நின்றது. பெயர் மட்டும் காப்பித்தூளுக்கு.

ஆஸ்பத்திரியில் தைக்க ஆன நேரத்தைவிட அந்தத் தூளைக் கழுவி எடுக்க ஆன நேரம்தான் அதிகம். டாக்டர் சலைனைப் பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவினார். மரத்துப்போக ஊசி போடும் முன்பே, "விரலை மடக்குங்க, நீட்டுங்க" என்றார், நுனியைத் தொட்டு, "உணர்ச்சி இருக்கா?" என்று கேட்டார். உள்ளே நரம்போ தசைநாணோ அறுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். மரத்த பிறகு கேட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

உண்மையான வலி அந்த ஊசிதான். அப்புறம் இழுபடுவது மட்டும் தெரிந்தது. கறுப்பு நைலான் நூலில் ஐந்து தையல், ஒவ்வொன்றுக்கும் தனி முடிச்சு. கடைசியாக டெட்டனஸ் வராமல் தடுக்கும் டிடி ஊசி எப்போது போட்டேன் என்று நினைவில்லை, அதனால் தோளில் அதுவும் ஒன்று.

இரண்டு நாள் கட்டு நனையக் கூடாது. குளிக்கும்போது கையில் பிளாஸ்டிக் பை. பத்து நாள் பாத்திரம் தேய்த்தவர் என் கணவர், அந்த வகையில் குறையில்லை. ராத்திரி விண்விண் என்று தெறித்தபோது கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தது நன்றாகக் கேட்டது. சிவப்பு பரவினாலோ சீழோ காய்ச்சலோ வந்தாலோ உடனே வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு வந்தது அரிப்பு மட்டும்தான்.

வீட்டில் பத்தியச் சண்டை தனி. "மீன், முட்டை ஆகாது, சீழ் வைக்கும்" என்றார் அத்தை. டாக்டரோ, "அதெல்லாம்தான் சாப்பிடணும். சர்க்கரை இருந்தா அதை மட்டும் கட்டுப்பாட்டில வைங்க" என்றார். எனக்குச் சர்க்கரை இல்லை. மீன் குழம்பு வைத்தோம்.

பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். முடிச்சைத் தூக்கி, தோலை ஒட்டி ஒரு பக்கம் வெட்டி உருவினார் நர்ஸ். எறும்புக் கடிதான். நாலாவது மட்டும் காய்ந்த ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு, ஈரப் பஞ்சு வைத்த பிறகு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் அன்னிக்கே காப்பித்தூள் வச்சேன் பாரு, அதான் இவ்வளவு சீக்கிரம் ஆறியிருக்கு."