பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள்

தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில் என் எஞ்சின் எத்தனை முறை நின்றுபோனது என்பதற்குக் கணக்கே இல்லை. தீ, புகை, ஹைட்ராலிக் கோளாறு எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் எரிபொருள் தாளில் கையெழுத்துக் கேட்டு ஒருவர், சரக்குக் கதவை மூடலாமா என்று ஒருவர், சக்கர நாற்காலிப் பயணி இன்னும் வரவில்லை என்று ஒருவர், மூவரும் ஒரே நேரத்தில் காக்பிட் வாசலில் நின்றால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. சிமுலேட்டரில் பயணிகளே கிடையாது அல்லவா!

பயணிகளோடு நான் பறக்கும் முதல் பயிற்சி நாட்கள் இவை. விமானம் ஏர்பஸ் 320. இடது இருக்கையில் பயிற்சி கேப்டன், வலதில் நான். எங்களுக்குப் பின்னால் மடக்கு இருக்கையில் அனுபவமுள்ள இன்னொரு துணை விமானி. கேப்டனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னை எழுப்பிவிட்டு என் இடத்தில் உட்காரத்தான் அவர். உன்னை இன்னும் நம்பவில்லை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

முதல் பயணத்தில் ரேடியோ என் பொறுப்பு. தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலர் இரண்டு முறை அழைத்தார். யாரோ பதில் சொல்லாமல் இருக்கிறாரே என்று அந்த ஆளுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். கேப்டன் ஒன்றும் பேசாமல் என் மைக்கைச் சுட்டிக்காட்டினார். அழைத்த பெயர் எங்கள் விமானத்துடையது. பயிற்சிப் பள்ளியின் பழைய பெயர் காதிலிருந்து இறங்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இறங்குவதற்கான கணக்கு எளிது: ஒவ்வொரு 1,000 அடிக்கும் 3 கடல் மைல். 36,000 அடியில் இருந்தால் 108 மைலுக்கு முன்பே தொடங்க வேண்டும். வேகம் குறைக்க இன்னும் கொஞ்சம். தாளில் போடும்போது அழகாக வரும். கன்ட்ரோலர் திடீரென்று குறுக்கு வழி கொடுப்பார், அவர் நினைப்பது நல்லதுதான், ஆனால் இறங்கக் கிடைக்கும் தூரம் குறைந்துவிடும்.

"எத்தனை மைல் மீதி?" என்றார் கேப்டன்.

"முப்பது."

"உயரம்?"

"பன்னிரண்டாயிரம்."

"அப்படியென்றால்?"

2,000 அடி அதிகம். அதைச் சொல்வதற்குள் இன்னும் இரண்டு மைல் கடந்துவிட்டது. இறக்கையின் மேல் தகடுகளை எழுப்பி வேகத்தைக் குறைக்கும் ஸ்பீடு பிரேக் நெம்புகோலை இழுத்ததும் விமானம் நடுங்கியது, நானும்.

தரையிறக்கம் எனக்குக் கிடைத்தது இரண்டாம் நாள், நான்காவது பயணத்தில். கைப்பிடியைத் தொட்டதும் இடம் வலம் என்று கிளற ஆரம்பித்துவிட்டேன். காலி விமானத்தில் பழகியபோதும் இதே வியாதிதான்.

"விமானம் நேராகத்தான் போகிறது. நீங்கள்தான் அதைத் தொந்தரவு செய்கிறீர்கள்," என்றார் கேப்டன். கையைச் சற்றுத் தளர்த்தினேன். உண்மைதான், அது பாட்டுக்குப் போயிற்று.

ஐம்பது, நாற்பது, முப்பது என்று இயந்திரக் குரல் உயரத்தை அடிகளில் எண்ணியது. முப்பதில் விமானத்தின் மூக்கை மெல்லத் தூக்கியிருக்க வேண்டும். பார்வையை ஓடுபாதையின் கடைசியில் வைக்கச் சொல்லியிருந்தார். நானோ மூக்குக்கு நேர் கீழே ஓடிவரும் தார்ப்பரப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பார்த்தால் உயரமே தெரியாது. எஞ்சின் விசையைக் குறை என்பதற்காக அந்தக் குரல் 'ரிடார்ட்' என்றது. நான் குறைக்கவில்லை. மறுபடியும் சொன்னது. அப்புறம்தான் குறைத்தேன், அதற்குள் தரை வந்துவிட்டது. எல்லாப் பயணிகளுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்திருக்கும்.

நின்ற பிறகு கதவு திறந்தது. பணிப்பெண்களில் மூத்தவர் எட்டிப்பார்த்து, "யார் இறக்கியது?" என்று கேட்டார்.

கேப்டன் லாக் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "நாங்கள்," என்றார்.

அதற்குள் எரிபொருள் தாளோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார்.