சின்சில்லாவுக்கு எந்தப் பயணக் கூண்டு?

அணில் மாதிரிக் கொறிக்கும் சின்ன வளர்ப்புப் பிராணியான சின்சில்லாவுக்குப் பயணக் கூண்டு வாங்கும்போது முதலில் நினைக்க வேண்டியது அதன் பல்லைத்தான். ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் பல் அது, துணிப் பையையும் வலைச் சன்னலையும் கொறித்து ஓட்டை போட்டு வெளியே வந்துவிடும், விழுங்கிய பிளாஸ்டிக் துண்டு குடலில் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் என் ஓட்டு கம்பிக் கூண்டுக்குத்தான்; கம்பிகள் நெருக்கமாக, அடித்தளம் கெட்டியாக, கதவுக் கொக்கி உள்ளிருந்து முட்டினால் திறக்காததாக இருக்கட்டும். ரொம்பப் பெரிதும் வேண்டாம், பிரேக் போட்டால் உருண்டு அடிபடும். திரும்பி உட்கார இடமிருந்தால் போதும். கீழே ஃபிளீஸ் துணி, ஒரு பிடி உலர்ந்த புல்.

அப்புறம் வெப்பம். சுற்றிலும் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அந்த அடர்ந்த ரோமத்தோடு அதற்குத் தாங்காது, காது சிவக்கிறதா என்று வழியெல்லாம் பாருங்கள். நிறுத்திய காரில் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள்.