பின்னால் வந்து ஆடியவன்

"நான் முன்னாடி நின்னு கோல் அடிக்கிற ஃபார்வர்டு சார், பின்னாடி நிக்க மாட்டேன்."

சாயங்காலம் மைதானத்தில் ஒரு பையன் கண் கலங்கி நின்றான். எனக்குக் கால்பந்து வீரர் டுவைட் யார்க் ஞாபகம் வந்துவிட்டது.

டொபாகோ என்ற குட்டித் தீவில் பிறந்தவர். 1998-99 பருவத்தில் மான்செஸ்டர் யுனைடெட் என்ற இங்கிலாந்து கிளப்புக்காக லீக்கில் மட்டும் 18 கோல். மூன்று கோப்பைகள். அந்தச் சிரிப்பு!

அப்புறம் 2006, ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரம். உலகக் கோப்பையில் டிரினிடாட் டொபாகோவின் முதல் ஆட்டம். மக்கள்தொகை பதின்மூன்று லட்சம்தான். அதுவரை தகுதி பெற்றதிலேயே மிகச் சிறிய நாடு.

கேப்டன் யார்க் முன்வரிசையில் இல்லை. 34 வயதில், தடுப்பாட்டக்காரர்களுக்குச் சற்று முன்னால், நடுக்களத்தில் நிற்கிறார். இரண்டாம் பாதி தொடங்கியதுமே அவர் அணியில் ஒருவருக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேர். எதிரே இப்ராஹிமோவிச், லார்சனின் ஸ்வீடன்.

கோல் அடித்தே பேர் வாங்கிய மனுஷன், ஓடி ஓடிப் பந்தைப் பறித்துக்கொண்டிருந்தார். 0-0.

ராத்திரி அந்த ஆட்டத்தின் வீடியோவை மறுபடி பார்த்தேன். விசில் அடித்ததும் ஜெயித்த மாதிரி குதிக்கிறார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது.

நாளைக்கு அந்தப் பையனிடம் இதைக் காட்டணும்.