தேவதூதனுக்கு ஒரு ராக் பாட்டு

சினிமாப் பாட்டு வாசிக்கிறவனுக்கு முதலில் தெரிய வேண்டியது சிச்சுவேஷன். யார் பாடுகிறார், யாரைப் பார்த்துப் பாடுகிறார், பாட்டுக்கு முந்தைய காட்சியில் என்ன நடந்தது. திருச்சி, கரூர், புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் மெல்லிசைக் குழுவோடு கிட்டார் வாசித்து வருகிறேன். எங்கள் குழுவின் மூத்த தபலாக்காரர் சொல்லிக்கொடுத்த பாடம் இது. படத்தின் கதை தெரியாத பாட்டை எடுக்கவே விடமாட்டார். "கதை தெரியாம வாசிச்சா கை மட்டும்தாண்டா வாசிக்கும்" என்பார்.

ராக் குழுக்களின் வழக்கம் வேறு. பாடுகிறவரே எழுதுவார், தன் வாழ்க்கையிலிருந்து எழுதுவார். அடுத்தவர் கதைக்கு அளவெடுத்துப் பாட்டுக் கட்டுவது அந்த உலகத்தில் அவ்வளவு மதிப்பான வேலை இல்லை. அதனால்தான் 'ஐரிஸ்' பாட்டின் மேல் எனக்குத் தனிப் பிரியம். 'சிட்டி ஆஃப் ஏஞ்சல்ஸ்' என்ற ஹாலிவுட் படத்துக்காக 1998-ல் வந்த பாட்டு. எழுதிப் பாடியவர் கூ கூ டால்ஸ் குழுவின் ஜானி ரெஸ்னிக். நம் ஊர்ப் பாடலாசிரியர்கள் தினமும் செய்கிற வேலையை ஓர் ஆல்டர்நேடிவ் ராக் ஆள் உட்கார்ந்து செய்திருக்கிறார். அவர் செய்ததிலேயே சிறந்ததும் அதுதான் என்பது என் கட்சி.

கூ கூ டால்ஸ் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்துக் குழு. எண்பதுகளின் நடுவில் பங்க் என்கிற முரட்டு ராக் சத்தத்தோடு தொடங்கினார்கள். அப்போது பேஸ் கிட்டார் வாசிக்கும் ராபி டகாக்தான் அதிகம் பாடினார். ரெஸ்னிக் பதின்வயதில் அப்பாவையும் அம்மாவையும் அடுத்தடுத்து இழந்தவர்; அக்காக்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். 1995-ல் 'நேம்' என்ற பாட்டு அமெரிக்கா முழுக்க ஓடியது. பத்து வருடம் சின்னச் சின்ன அரங்குகளில் வாசித்த குழு திடீரென்று எல்லார் வீட்டு ரேடியோவிலும் வந்தது. அதற்குப் பிறகு ரெஸ்னிக்குக்கு எழுத்து நின்றுபோயிற்று. குழுவை விட்டுப் போய்விடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நின்றுபோயிற்று. அந்த நேரத்தில்தான் இந்தப் படத்துக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். படத்தைப் போட்டுக் காட்டினார்கள். பாட்டு வந்துவிட்டது.

தன்னைப் பற்றி எழுத எதுவும் வராமல் தவித்த ஆளுக்கு இன்னொருவன் வாய் கிடைத்ததும் வந்துவிட்டது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. சிச்சுவேஷன் என்பது பாட்டெழுதுகிறவரைக் கட்டிப்போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது பல சமயம் கட்டை அவிழ்த்துவிடுகிறது. நான் என்ன நினைக்கிறேன், என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கவலையெல்லாம் போய்விடும். பாடப்போகிறவனுக்கு என்ன வேண்டும் என்ற ஒரே கேள்விதான் மிஞ்சும்.

இந்தப் படத்தில் பாடப்போகிறவன் ஒரு தேவதூதன். பெயர் சேத், நிக்கோலஸ் கேஜ் நடித்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் இறக்கிறவர்களை அழைத்துப்போவது அவன் வேலை. அறுவை அரங்கில் ஓர் உயிர் போகும்போது, அதைக் காப்பாற்றப் போராடும் இதய மருத்துவரைப் பார்க்கிறான். அவள் மேகி, மெக் ரயன். அவளை நேசிக்கத் தொடங்குகிறான். அவனுக்குச் சாவு கிடையாது. கூடவே தொடு உணர்ச்சியும் கிடையாது, ருசியும் கிடையாது. அவள் பேரிக்காய் சாப்பிடும்போது அது எப்படி இருக்கும் என்று சொல்லச் சொல்லிக் கேட்கிறான். கடைசியில் சாகாவரத்தை விட்டுவிட்டு உயரத்திலிருந்து குதித்து மனிதனாகிறான். தன் உடம்பில் ரத்தத்தைப் பார்த்ததும் சிரிக்கிறான்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு பாட்டைக் கேட்க வேண்டும். முதல் வரியிலேயே, உன்னைத் தொட முடியும் என்றால் என்றென்றைக்குமான வாழ்வை விட்டுத் தருவேன் என்கிறான். காதலன் எவனும் சொல்லக்கூடியதுதான். ஆனால் இவனிடம் விட்டுத் தருவதற்கு அந்த வாழ்வு நிஜமாகவே இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, தான் ருசிப்பதெல்லாம் இந்த ஒரு கணத்தைத்தான் என்று வருகிறது. பேரிக்காயின் ருசி தெரியாதவன் பேசுகிறான். இரண்டாவது சரணத்தில், உயிரோடு இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளவே ரத்தம் சிந்துகிறோம் என்று வருவது, குதித்தவன் சிரித்த அந்த இடம். பல்லவியில், உலகம் என்னைப் பார்க்க வேண்டாம், அவர்களுக்குப் புரியாது, நீ மட்டும் நான் யாரென்று தெரிந்துகொள் என்று கெஞ்சுகிறான். மனிதர் கண்ணுக்குத் தெரியாமலே திரிகிறவன் இதைச் சொல்வதாக எண்ணிப் பாருங்கள்!

இத்தனைக்கும் தேவதூதன் என்றோ சிறகு என்றோ ஒரு வார்த்தை இல்லை. மருத்துவமனை இல்லை, படத்தின் பெயர் இல்லை. கதையை முழுக்க உள்ளே வாங்கிக்கொண்டு, அதன் அடையாளம் எதையும் வெளியே விடாமல் எழுதியிருக்கிறார். பாட்டெழுதுவதில் இதுதான் கஷ்டமான வேலை. கதைச்சுருக்கம் சொல்கிற பாட்டு படத்தோடு போய்விடும்.

அந்தக் கதையே இரவல்தான். 1987-ல் விம் வெண்டர்ஸ் எடுத்த ஜெர்மன் படத்தின் மறு ஆக்கம் இது. ஆங்கிலத்தில் 'விங்ஸ் ஆஃப் டிசையர்' என்பார்கள். ஊர் பெர்லின், நடுவில் சுவர் நிற்கிற காலம். தேவதூதர்கள் பார்க்கும்போது உலகம் கறுப்பு வெள்ளையாக இருக்கும். மனிதனாகி விழுந்தவன் கண்ணில் நிறம் வரும். அவன் தலையில் பட்ட காயத்து ரத்தத்தை ருசித்துப் பார்த்துவிட்டு, சுவரில் தீட்டியிருக்கும் ஓவியங்களைக் காட்டி வழியில் போகிறவரிடம் ஒவ்வொரு நிறத்துக்கும் பெயர் கேட்பான். சரி, இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் படத்திலும் ராக் உண்டு. நிக் கேவும் அவர் குழுவும் மேடையில் வாசிக்கிறார்கள். மனிதனானவன் தன் காதலியைச் சந்திப்பது அந்தக் கச்சேரி நடக்கும் இடத்தில்தான். இரண்டு படங்களையும் வைத்துப் பார்த்தால் எனக்கு வெண்டர்ஸ் படம்தான் பெரியது. ஹாலிவுட் படம் பல இடங்களில் கண்ணீருக்காக அலைகிறது. பாட்டு அப்படி அலையவில்லை.

இனி கிட்டார். என்னை இந்தப் பாட்டிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது இதுதான்.

சாதாரணமாக ஆறு தந்திகளையும் மேலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ என்ற மேற்கத்திய சுரங்களுக்குச் சேர்ப்போம். 'ஐரிஸ்' பாட்டுக்கு ரெஸ்னிக் வைத்த ட்யூனிங்கில் தடித்த தந்தி மட்டும் பி. மற்ற ஐந்தும் டி! தந்திகளைக் கீழிருந்து எண்ணுவோம், தடித்ததுதான் ஆறாவது; அதை இ-யிலிருந்து பி வரைக்கும் இறக்க வேண்டும். ஐந்தாவதை ஏ-யிலிருந்து கீழே டி-க்கு இறக்கும்போது அது தொய்ந்து விரலுக்கடியில் ஆடும். நாலாவது ஏற்கெனவே டி. மூன்றாவதையும் அதே டி-க்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாவதை பி-யிலிருந்து மேலே ஏற்ற வேண்டும். அந்த இடத்தில் என் கை இன்றைக்கும் தயங்கும்; பழைய தந்தியாக இருந்தால் அறுந்து முகத்தில் அடிக்கும். கடைசித் தந்தியை இறக்கி இரண்டாவதோடு சேர்த்தால் முடிந்தது. இப்போது நாலும் மூன்றும் ஒரே சுரம், இரண்டும் ஒன்றும் அதற்கு மேல் ஸ்தாயியில் ஒரே சுரம்.

எதையும் பிடிக்காமல் ஒரு தடவை மேலிருந்து கீழே மீட்டிப் பாருங்கள். தம்பூராவின் நடுத் தந்திகள் இரண்டும் ஒரே ஷட்ஜத்தில் நிற்கும் அல்லவா, அதே மாதிரி ஜோடித் தந்திகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு மினுங்கும். எவ்வளவு கவனமாகச் சேர்த்தாலும் இரண்டுக்கும் நடுவில் ஒரு நூலிழை வித்தியாசம் இருக்கும். அந்த இழைதான் அலை அலையாகக் காதுக்கு வருகிறது. கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, மாறும்போதும் டி நகராமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அடியில் பேஸ் சுரம் இறங்குகிறது, ஏறுகிறது, பி மைனர் நிழல் விழுகிறது, மேலே டி அசையாமல் நிற்கிறது. ஒரே ஆசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனின் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ட்யூனிங் எனக்குத் தெரிந்து இல்லை. ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில் வைத்து வாசிக்கும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. மெட்டு வரும், கார்டும் சரியாக இருக்கும், அந்த ஒட்டிப் பிடித்த ஏக்கம் மட்டும் வராது.

தாளம் பெரும்பகுதி ஆறு எட்டு, நம் கணக்கில் திஸ்ர நடை. மெல்ல ஊஞ்சலாட்டமாகப் போகும். எங்கள் தபலாக்காரருக்கு ஒருமுறை போட்டுக் காட்டினேன். பாஷை புரியாமலே தொடையில் தட்ட ஆரம்பித்துவிட்டார். அப்புறம் கதையைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுபடியும் போடு என்றார்.

தயாரிப்பு ராப் கவாலோ. வயலின், செல்லோ ஏற்பாடு டேவிட் கேம்பெல். பெரிய இசைக்குழுவை வைத்துக்கொண்டு ராக் பாட்டைச் சர்க்கரைப் பாகில் முக்கி எடுக்கிற வழக்கம் உண்டு. இங்கே அப்படி நடக்கவில்லை. முதலில் கிட்டாரும் குரலும் போகின்றன. தந்தி வாத்தியங்கள் பின்னால் மெதுவாக வந்து சேர்கின்றன. இரண்டாவது பல்லவி முடிந்ததும் வருகிற இடையிசையில் மாண்டலினும் எலெக்ட்ரிக் கிட்டாரும் மாறி மாறி ஏறி, மொத்தக் குழுவும் பொங்கி எழுகிறது. அங்கே பாடகர் வாயைத் திறப்பதில்லை. சொல்ல முடியாததை வாத்தியங்களிடம் விட்டுவிட்டார்.

தலைப்புக்கும் பாட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. ஐரிஸ் என்ற சொல் பாட்டில் எங்கும் வராது, படத்திலும் அப்படி ஒரு பாத்திரம் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் வாரப் பத்திரிகை ஒன்றில் ஐரிஸ் டிமென்ட் என்ற நாட்டுப்புறப் பாடகியின் கச்சேரி பற்றி வந்திருந்தது. பெயர் அழகாக இருக்கிறது என்று ரெஸ்னிக் எடுத்து வைத்துக்கொண்டார்.

படத்தின் இசைத்தட்டில் அலானிஸ் மோரிசெட், சாரா மெக்லாக்லன், யூ டூ என்று பெரிய பெயர்கள் இருந்தும், ரேடியோ பிடித்துக்கொண்டது 'ஐரிஸ்' பாட்டை. பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் ரேடியோ ஒலிபரப்புப் பட்டியலில் 18 வாரம் முதலிடம். 2020-ல் தி வீக்கெண்ட் என்ற பாடகரின் பாட்டு ஒன்று முந்தும்வரை அந்தச் சாதனை நின்றது. ஆனால் முக்கியப் பட்டியலான ஹாட் 100-ல் அந்த வாரங்களில் பாட்டே இல்லை. கடையில் தனி சிங்கிளாக விற்கப்படாத பாட்டை அதில் சேர்க்கக் கூடாது என்பது அப்போதைய விதி. 1998 டிசம்பரில் விதியை மாற்றினார்கள். அதற்குள் அலை தணிந்துவிட்டதால், ஒன்பதாம் இடம்தான் கிடைத்தது. நாடு முழுக்க ஒலித்த பாட்டுக்கு ஒன்பதாம் இடம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

2024-ல் 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' படத்திலும் இந்தப் பாட்டு வந்தது. என்னிடம் கிட்டார் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் அங்கிருந்துதான் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களிடம் இரண்டு பதிவுகளைக் கேட்கச் சொல்கிறேன். ஒன்று 1998 ஸ்டுடியோ பதிவு. இன்னொன்று 2004 ஜூலை 4 அன்று பஃபலோவில், குழுவின் சொந்த ஊரில், கொட்டுகிற மழையில் நடந்த திறந்தவெளிக் கச்சேரி. வாத்தியங்களெல்லாம் நனைகின்றன, கூட்டம் கலையவில்லை, சதுக்கம் முழுக்கப் பாடுகிறது. ஸ்டுடியோ பதிவின் நேர்த்தி அதில் இருக்காது. ஆனால் அங்கே ரெஸ்னிக் தேவதூதனுக்காகப் பாடவில்லை, தனக்காகவே பாடுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் ஸ்டுடியோ பதிவை முதலில் கேளுங்கள், அதையும் கதையைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.