பென்சிலின் அலர்ஜி + ஜிபிஎஸ் பாசிட்டிவ்: எங்கள் அனுபவம்

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். இங்கே 36, 37 வாரம் வாக்கில் கர்ப்பிணிகளுக்கு குரூப் பி ஸ்ட்ரெப், அதாவது ஜிபிஎஸ், இருக்கிறதா என்று ஸ்வாப் எடுத்துப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவர் உடம்பில் சும்மா இருக்கும் கிருமிதான், ஆனால் பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றினால் முதல் வாரத்துக்குள்ளேயே ரத்தத்தில் கிருமி, நிமோனியா, மூளைக்காய்ச்சல் வரை போகலாம். அதனால் வலி வந்ததும் அம்மாவுக்கு பென்சிலின் ஏற்றுவார்கள், குழந்தை பிறக்க 4 மணி நேரம் முன்பாவது ஆரம்பித்திருக்க வேண்டும். இப்பவே மாத்திரை போட்டு ஒழிச்சிடலாமே என்றார் மாமியார். ஆனால் பிரசவத்துக்குள் கிருமி திரும்ப வந்துவிடுமாம்.

எனக்கு பாசிட்டிவ். ஃபைலிலோ சின்ன வயதிலிருந்தே "பென்சிலின் அலர்ஜி".

டாக்டர் கேட்டது ஒன்றுதான்: அன்றைக்கு என்ன ஆனது, எவ்வளவு நேரத்தில்? அம்மாவுக்கு போன் போட்டேன். "ஊசி போட்ட கொஞ்ச நேரத்துலயே உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சுடி." ரெண்டு நாள் கழித்து லேசான தடிப்பு மட்டும் வந்திருந்தால் செஃபசோலின் என்ற வேறு ஆன்டிபயாடிக் போட்டிருப்பார்கள். எனக்கு வந்தது உடனடி வகை, ஆகவே கிளின்டமைசின் அல்லது வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குகள்தான். கிளின்டமைசினுக்கு அந்தக் கிருமி கட்டுப்படுமா என்று லேப் தனியாகப் பார்க்க வேண்டும், ஸ்வாப் சீட்டில் அலர்ஜி என்று எழுதியிருந்தால்தான் பார்ப்பார்கள் (நர்ஸ் மறக்காமல் எழுதியிருந்தார், புண்ணியவதி). கட்டுப்படாது என்று ரிப்போர்ட் வந்தது. மிச்சம் வான்கோமைசின்தான், ஆனால் குழந்தை மருத்துவர்கள் அதை பென்சிலினுக்குச் சமமாகக் கணக்கில் எடுப்பதில்லை.

சரி, அலர்ஜி இன்னும் இருக்கிறதா என்றே பார்த்துவிடலாம் என்று டாக்டர் அலர்ஜி நிபுணரிடம் அனுப்பினார். கர்ப்பத்தில் அலர்ஜி பரிசோதனை செய்யலாமா என்று வீட்டில் பெரிய விவாதம், செய்யலாம், பாதுகாப்பானதுதான். அப்பாயின்ட்மென்ட் வாங்குவதற்குள்தான் உயிர் போய்விட்டது. முன்கையில் லேசாகக் குத்தினார்கள், அப்புறம் தோலுக்கடியில் துளி மருந்து, கடைசியில் பென்சிலின் வகை மருந்தான அமாக்ஸிசிலினை விழுங்கவைத்து அங்கேயே உட்காரவைத்தார்கள். ஒன்றுமே வரவில்லை. 10 வருடத்தில் 80 சதவீதம் பேருக்கு இந்த அலர்ஜி போய்விடுமாம், இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?

வலி எடுத்துப் போனால் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் பழைய அலர்ஜி அப்படியே நிற்கிறது, கையில் சிவப்புப் பட்டை வேறு மாட்டிவிட்டார்கள். நிபுணர் கொடுத்த கடிதத்தை என் கணவர் நீட்டிய பிறகுதான் பென்சிலின் ஏறியது, அப்புறம் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை. குழந்தைக்குத் தனியாக ரத்தப் பரிசோதனை எதுவும் தேவைப்படவில்லை.

மருந்துக்கடையில் தனியாக ஒரு அலர்ஜி லிஸ்ட் வைத்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் மாற்றினால் அங்கே மாறாது. அங்கேயும் போய் அதை நீக்கச் சொல்லுங்கள்.