70 டிகிரி

பள்ளிக்கூட பிரேயரில் மூன்று முறை மயங்கி விழுந்த தங்கை மகளுக்கு இன்று டில்ட் டேபிள் டெஸ்ட், மேஜையில் படுக்கவைத்து நிமிர்த்தி மயக்கத்தின் காரணத்தைப் பார்க்கும் சோதனை. பெல்ட் கட்டி மேஜையை 70 டிகிரிக்கு நிமிர்த்தினார்கள். படுத்திருந்தபோது 72 காட்டிய நாடித்துடிப்பு 88 ஆனது. காலுக்கு இறங்கும் ரத்தத்தை ஈடுகட்ட இதயம் கொஞ்சம் வேகமெடுப்பது எல்லோருக்கும் உள்ளதுதானாம்.

இருபதாவது நிமிடம் கொட்டாவி விட்டாள். மேலுதட்டில் வியர்வை பொடித்தது. "பெரியம்மா, கண்ணு இருட்டுது." அதற்குள் 110க்கு ஏறியிருந்த நாடித்துடிப்பு சட்டென்று 42க்கு விழுந்தது, பிரஷரும் கூடவே. உடனே மேஜையைப் படுக்கவைத்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் கண் திறந்தாள். மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்துக்கு பிரேக் போடுவதால் வரும் மயக்கமாம். வலிப்பு இல்லை என்று டாக்டர் சொன்னபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. நடிக்கிறாள் என்றவர்களை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

கண் இருட்டினால் உடனே உட்கார வேண்டும், முடியாவிட்டால் காலைப் பின்னித் தொடையை இறுக்க வேண்டும். பஸ்ஸில் வரும்போதே பழக ஆரம்பித்துவிட்டாள்.